பெரிய டிரெய்லர் வாங்கச் சொல்கிறவர்களுக்கு

அமெரிக்காவில் வார இறுதி கிளப் ரேஸுக்குப் புதிதாக வருகிற ஒருவர், பைக்குகளை ஏற்றிப்போக மூடிய டிரெய்லர் ஒன்று வாங்கப் போகிறேன் என்று டிராக்கின் பேடாக்கில், அதாவது ரேஸர்கள் கூடாரமடித்துத் தயாராகும் இடத்தில், வாய் திறந்தால் போதும், அக்கம்பக்கத்துக் கூடாரங்களிலிருந்து அறிவுரை வந்து குவியும். நிறம், கம்பெனி, கதவு பற்றியெல்லாம் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே குரல். "கையில் இருக்கிற பணத்துக்கு எவ்வளவு பெரியது கிடைக்குமோ அதை வாங்கு. சின்னது வாங்கினவன் எல்லாம் அடுத்த வருஷமே அதை விற்றுவிட்டுப் பெரியதற்குப் போகிறான்."

இதை நான் மறுக்கிறேன். ஒன்றோ இரண்டோ பைக் வைத்துக்கொண்டு, தனியாகவோ ஒரு துணையோடோ போய்வருகிற ஆளுக்கு இந்த அறிவுரை தவறானது. அவரிடம் இருக்கிற வண்டியைப் பொறுத்து ஆபத்தானதும்கூட. அன்போடு சொல்லப்படுவதாலும், பல வருஷம் ரேஸ் ஓட்டியவர்கள் சொல்வதாலும் யாரும் இதைத் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரேஸ் பைக்கைச் சாலையில் ஓட்டிப் போக முடியாது. முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், கண்ணாடி எல்லாம் கழற்றப்பட்டிருக்கும். நம்பர் பிளேட் இருக்காது. சுமந்துதான் போக வேண்டும். பிக்கப்பின் பின்பக்கம் ஏற்றலாம், வேனுக்குள் ஏற்றலாம், திறந்த டிரெய்லரில் கட்டலாம். மழைக்கும் தூசிக்கும் திருடனுக்கும் அஞ்சுகிறவர்கள், ஒவ்வொரு வாரமும் கருவிப் பெட்டிகளை ஏற்றி இறக்கிச் சலித்தவர்கள் மூடிய டிரெய்லருக்கு வருகிறார்கள். அது நல்ல முடிவுதான். தகராறு அளவில் தொடங்குகிறது. 5 அடி அகலம், 8 அடி நீளத்தில் ஆரம்பித்து, 6க்கு 12, 7க்கு 14, 7க்கு 16 என்று வளர்ந்து, எட்டரை அடி அகலமும் 24 அடி நீளமும் கொண்ட பெட்டிகள் வரை சந்தையில் இருக்கின்றன. ஒற்றை ஆக்சில் போட்ட 6க்கு 12 பெட்டி வெறுமையாக 1,200 முதல் 1,500 பவுண்டு வரை இருக்கும். இரட்டை ஆக்சில் போட்ட எட்டரைக்கு 20 பெட்டி, உள்ளே ஒரு ஸ்பேனர்கூட வைக்காமலே, 3,000 பவுண்டைத் தாண்டும்.

பெரிய பெட்டியின் மேல் இந்த ஆசை எப்படி வருகிறது? நாம் டிரெய்லர்களைப் பார்ப்பது பேடாக்கில், அவை நிற்கும்போது. வெயில் மறைப்பு விரித்திருக்கும். உள்ளே வெள்ளைச் சுவர், அலுமினிய அலமாரி, விளக்கு வரிசை, ஒரு மூலையில் படுக்கை. பக்கத்தில் ஒருவர் நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருப்பார். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த டிரெய்லர் நெடுஞ்சாலையில் 18 சக்கர லாரி கடந்து போகும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதை அதன் சொந்தக்காரரைத் தவிர எவரும் பார்ப்பதில்லை. நிற்கும்போது அது யாரையும் கொல்லாது. ஓடும்போது கொல்லும். வாங்குகிற முடிவு நிற்கிற டிரெய்லரைப் பார்த்து எடுக்கப்படுகிறது என்பதுதான் என் முதல் குற்றச்சாட்டு.

எடையைப் பார்ப்போம். யமஹா ஆர்6 பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கிளப் ரேஸில் அதிகம் காணக் கிடைப்பது அது. சாலைப் பதிப்பில் பெட்ரோல், எண்ணெய் எல்லாம் சேர்த்து 190 கிலோ. ரேஸுக்காக வேண்டாததையெல்லாம் கழற்றிய பிறகு ஒரு பைக்கை 375 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் 750. ஸ்டாண்டுகள், டயர் வார்மர்கள், மாற்றுச் சக்கரங்கள், கருவிகள், கூடாரம், 47 பவுண்டு ஜெனரேட்டர், இரண்டு ஐந்து கேலன் பெட்ரோல் கேன் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 500 பவுண்டு போடுங்கள். ஆகக் கூடிய சுமை 1,250. இதை 6க்கு 12 பெட்டியில் ஏற்றினால் மொத்தம் 2,450லிருந்து 2,750 பவுண்டுக்குள் நிற்கும். அதே சுமையை எட்டரைக்கு 20 பெட்டியில் ஏற்றினால் 4,500. அதுவும் முதல் நாள் மட்டும். மறு மாதம் அலமாரி வரும். பிறகு ஏசி, பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு பழைய எஞ்சின். இடம் இருந்தால் மனிதன் நிரப்பாமல் விடமாட்டான். இரண்டு சீசனில் அது 6,000 பவுண்டு ஆகும். ஏற்றிப் போகிற பைக் மட்டும் அன்றும் இன்றும் இரண்டுதான்.

இங்கேதான் அடுத்த வாதம் வரும். "என் டிரக் 11,000 பவுண்டு இழுக்கும், ஆறாயிரம் எனக்குத் தூசு." இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபமே வருகிறது. விளம்பரத்தில் வரும் இழுவை எண், எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற அளவுகோலின்படி, ஓட்டுநரும் ஒரு பயணியும் தலா 150 பவுண்டு என்று வைத்துக்கொண்டு கணக்கிடப்படுவது. டிரக்கின் பின்பக்கத்தில் நீங்கள் அள்ளிப் போட்ட சாமான் அந்தக் கணக்கில் கிடையாது. உங்களைக் கட்டுப்படுத்தும் எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் ஏறக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ஒரு அரை டன் வகைப் பிக்கப்பில் அது 1,500 பவுண்டு என்று கொள்வோம். டிரெய்லர் தன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்தை, அதை வண்டியோடு இணைக்கும் ஹிட்ச் மேல் இறக்கும், இறக்கவும் வேண்டும். 6,000 பவுண்டு டிரெய்லரின் 13 சதவீதம் 780. நீங்களும் நண்பரும் 360. பின்பக்கத்துச் சாமான் 300. எடையை முன் சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கிற ஹிட்ச் போட்டிருந்தால் அதுவே 80, 90 பவுண்டு இருக்கும். கூட்டிப் பாருங்கள். 11,000 பவுண்டு இழுக்கும் என்று சொல்லப்பட்ட டிரக், 6,000 பவுண்டு டிரெய்லரிலேயே தன் வரம்பைத் தொட்டுவிட்டது. அந்த ஹிட்ச் இல்லாமல் நேரடியாக மாட்டினால் பல பிக்கப்களின் வரம்பு 5,000 பவுண்டு டிரெய்லரும் 500 பவுண்டு இறங்கு எடையும்தான். இதுவும் ஹிட்சிலேயே ஒட்டியிருக்கும். குனிந்து படித்தவர்கள் எத்தனை பேர்?

எடை பாதிக் கதை, மீதி காற்று. எட்டரை அடி அகலம், ஏழடி உயரம் என்றால் பெட்டியின் முகப்பு ஏறக்குறைய 60 சதுர அடி. 6 அடி அகலம், ஆறரை அடி உயரம் என்றால் 39. வண்டிக்குப் பின்னால் நீங்கள் இழுத்துப் போகும் சுவர் ஒன்றரை மடங்கு பெரிதாகிவிட்டது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 60 மைலில் இருப்பதைவிட 70 மைலில் அது 36 சதவீதம் அதிகம். பல கார், பிக்கப் தயாரிப்பாளர்கள் தங்கள் இழுவைக் கையேட்டில் எடை வரம்போடு முகப்புப் பரப்புக்கும் ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள். பேடாக் அறிவுரையில் அந்த எண்ணை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வி வடிவ மூக்கு வைத்தால் காற்றைக் கிழித்துவிடும் என்பார்கள். ஓரளவு உதவும், மறுக்கவில்லை. ஆனால் அகலமும் உயரமும் அப்படியேதான் இருக்கின்றன. பக்கக் காற்றுக்கு மூக்கின் வடிவம் ஒரு பொருட்டே அல்ல, அது பார்ப்பது நீண்ட பக்கச் சுவரை. வயோமிங் மாநிலத்தில் ஐ-80 நெடுஞ்சாலையைப் பலத்த காற்று நாட்களில் எடை குறைந்த, உயரமான வண்டிகளுக்கு மட்டும் மூடிவிடுவார்கள். பெரிய பெட்டிக்குள் இரண்டு பைக் என்பது அந்த வர்ணனைக்கு அச்சொட்டாகப் பொருந்தும்.

இனி இரட்டை ஆக்சில். பெரியதை விற்கிறவர்களின் பலமான வாதம் இதுதான், நியாயமும் உள்ளது. நான்கு சக்கரம் உள்ள டிரெய்லர் நேராக ஓடும், எளிதில் அலையாது, ஒரு டயர் வெடித்தால் அந்தப் பக்கம் இன்னொன்று தாங்கும். எல்லாம் உண்மை. ஆனால் தாங்குகிற அந்த ஒரு டயர் அதுவரை இருவர் சுமந்ததைத் தனியாகச் சுமக்கிறது. அதைக் கவனிக்காமல் மைல் கணக்கில் ஓட்டினால் அதுவும் போகும். டயர் ஏன் வெடிக்கிறது என்ற கேள்விக்கு ஆக்சில் எண்ணிக்கை பதில் சொல்வதில்லை. டிரெய்லருக்கென்றே செய்யப்படும் எஸ்.டி. வகை டயர்களில் வேகக் குறி இல்லாதவை 65 மைலுக்கு மேல் ஓடத் தகுதியற்றவை. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் சட்டப்படி உச்ச வேகம் 55. ஐ-5ல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நின்று பாருங்கள், 75க்குக் குறைவாக எவரும் போவதில்லை. அதோடு, இந்த டிரெய்லர்கள் வருஷத்தில் பெரும்பாலான நாள் வெயிலில் சும்மா நிற்கின்றன. டயரின் பூக்கள் தேயாமலே ரப்பர் செத்துப்போகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கிறது. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். ஐந்து வயது தாண்டிய டிரெய்லர் டயரை, பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும், நான் நம்பமாட்டேன். நான்கு டயரை உரிய காலத்தில் மாற்ற மனமில்லாதவர் இரண்டை மாற்றுகிற அளவில் வாங்குவதே மேல்.

சின்ன டிரெய்லர் எதுவானாலும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அதன் பெரிய கேட்டையும் சொல்லியாக வேண்டும். கடைகளில் நிற்கும் ஒற்றை ஆக்சில் பெட்டிகளின் தகட்டில் மொத்த எடை வரம்பு 2,990 பவுண்டு என்று அடித்திருப்பதைப் பார்க்கலாம். கீழே இருக்கிற ஆக்சில் 3,500 பவுண்டு தாங்கும். பிறகு ஏன் 2,990? பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தொட்டால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் அந்த எண். சில மாநிலங்களில் அதைவிடக் குறைந்த எடையிலேயே பிரேக் வேண்டும். சட்டம் என்ன சொன்னாலும், 2,600 பவுண்டைப் பிரேக் இல்லாமல் ஒரு மினிவேனுக்குப் பின்னால் கட்டி மலையிறக்கத்தில் விடுவது பெருந்தவறு. மின் பிரேக், டிரெய்லர் கழன்றால் தானே பிடித்து நிறுத்தும் பிரேக்அவே சுவிட்ச், முன்னிருக்கையில் கைக்கெட்டுகிற கட்டுப்பாட்டுப் பொத்தான், இந்த மூன்றும் இல்லாமல் எந்த அளவிலும் வாங்காதீர்கள். பெரிய பெட்டிக்குப் போகிற கூடுதல் பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும்.

சின்னப் பெட்டியில் இடம் போதாது என்கிறவர்களுக்காக ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆர்6 பைக்கின் நீளம் 2,040 மில்லிமீட்டர், அதாவது ஏழடிக்குச் சற்றுக் குறைவு. அகலம் 695, இரண்டேகால் அடிக்குக் கொஞ்சம் மேல். 6 அடி அகலப் பெட்டியில் இரண்டு பைக்கும் அருகருகே நிற்கும். ஒன்றை ஓரடி பின்னால் நிறுத்தினால் ஹேண்டில்பார் ஒன்றோடொன்று உரசாது. 12 அடி நீளத்தில் ஏழெட்டு அடி பைக்குக்குப் போனால் நான்கைந்து அடி மீதி. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி பைக் கொள்ளுமா என்பதல்ல, எங்கே நிற்கிறது என்பது.

இந்தப் பெட்டியில் ஹிட்ச் குண்டிலிருந்து ஆக்சில் வரை பத்தரை அடி என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் செய்வதுபோல முன் சக்கரத்தை முன்சுவரோடு ஒட்டி நிறுத்தினால், பைக்குகளின் எடை மையம் ஆக்சிலுக்கு நாலடி முன்னால் விழும். 750ஐ நாலால் பெருக்கிப் பத்தரையால் வகுத்தால் 285 பவுண்டு ஹிட்ச் மேல் இறங்குகிறது. காலி டிரெய்லரின் சொந்த இறங்கு எடை 150 பவுண்டு என்றால் மொத்தம் 435. முன்மூலையில் ஒரு கருவி அலமாரி வைத்தால் இன்னும் நூறு. டொயோட்டா சியன்னா போன்ற, 3,500 பவுண்டு இழுக்கும் மினிவேனுக்கு வரம்பு 350. வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரங்களின் பிடி தளர்ந்து, ஸ்டீயரிங் லேசாகிவிடும். இப்போது சக்கரம் பிடிக்கும் தாங்கிகளை இரண்டடி பின்னால் தள்ளிப் பொருத்துங்கள். அந்த இரண்டடியில் மட்டும் 143 பவுண்டு குறைகிறது. முன்னால் கிடைக்கும் இடத்தில் கூடாரத் துணி, லெதர் சூட் போன்ற எடை குறைந்தவற்றை வையுங்கள். கருவிப் பெட்டி ஆக்சிலின் நேர் மேலே. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்ற வரம்புக்குள் கச்சிதமாக வந்து நிற்கும். ஒரு டேப்பும் ஒரு சனிக்கிழமைக் காலையும் போதும்.

20 அடிப் பெட்டியில் இதே ஆள் என்ன செய்கிறார்? முன்பக்கத்தில் படுக்கையும் மேசையும் போட்டுவிட்டு, ஏற்றி இறக்க வசதி என்று பைக்குகளைக் கதவோரம், ஆக்சிலுக்குப் பின்னால் நிறுத்துகிறார். இறங்கு எடை 10 சதவீதத்துக்குக் கீழே போகிறது. டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்குவதற்கு அதைவிட வேறு காரணம் தேவையில்லை. தண்டர்ஹில் டிராக்கில் ஒரு பந்தயத்துக்காக ஐ-5ல் வில்லோஸ் நோக்கிப் போகையில் அப்படி ஒன்றைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். லாரி ஒன்று கடந்ததும் அந்த வெள்ளைப் பெட்டி இடப்பக்கம் நகர்ந்தது. திரும்பி வலப்பக்கம் போனபோது வீச்சு கூடியிருந்தது. பிக்கப்பின் பிரேக் விளக்கு எரிந்தது, ஆட்டம் இன்னும் பெரிதானது. பிரேக்கை விட்டு, மெல்ல வேகம் குறைந்து, அது ஓரம் கட்டியபோதுதான் எங்களுக்கும் மூச்சு வந்தது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது வண்டியின் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்துவது. படித்துத் தெரிந்துகொள்ளலாம். பயத்தில் செய்வது கடினம். ஆகவே அந்த நிலைக்கே போகாத அளவில் வாங்குங்கள் என்கிறேன். பெட்டி பெரிதாகப் பெரிதாகத் தவறாக ஏற்றவும் இடம் பெரிதாகிறது.

கட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைக்கைக் கட்டும் வளையங்களை வெறும் பிளைவுட் தரையில் மர ஸ்குரு போட்டு முடுக்கியிருக்கும் டிரெய்லர்களை நிறையப் பார்க்கிறோம். அவை கீழே உள்ள குறுக்குச் சட்டத்தில் போல்ட் போடப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் இரும்புத் தகடு வைத்து முடுக்கியிருக்க வேண்டும். பட்டையின் லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது அறுந்துபோகும் எடை. வேலைக்குரிய எடை அதில் மூன்றில் ஒரு பங்குதான். பின்சக்கர அச்சைப் பிடித்துத் தரையோடு பூட்டுகிற பிட் புல் அமைப்பு போன்றவை முன் ஃபோர்க்கை அமுக்காமல் பைக்கை நிறுத்துகின்றன. செலவு அதிகம், ஆனால் பெரிய பெட்டிக்குக் கொடுக்க இருந்த பணத்தில் இதற்குக் கொடுத்தால் அது வீண்போகாது. பெரிய டிரெய்லரில் வளையம் அதிகம் இருக்கும், அவ்வளவுதான். ஏற்றும் பாதையையும் பாருங்கள். ரேஸ் பைக்கின் அடிப்பக்கத்துப் பெல்லி பேன் தரையிலிருந்து கையகல உயரத்தில்தான் இருக்கும். கதவு ராம்ப் தரையோடு சேரும் மடிப்பில் அது உரசினால் விரிசல் விழும். தரை மட்டம் தாழ்வாக உள்ள பெட்டி, நீளமான ராம்ப், இவை உள்ளறையின் நீளத்தைவிட முக்கியம்.

"உள்ளேயே தூங்கிக்கலாம்டா, ஹோட்டல் காசு மிச்சம்" என்று என் நண்பர்களே சொல்கிறார்கள். பெரிய பெட்டி வாங்குவதற்கு இதைப்போல் கவர்ச்சியான காரணம் இல்லை, இதைப்போல் மோசமான காரணமும் இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு படர்ந்து தங்கும், கூரையில் வைத்த துவாரம் வழியாகப் போகாது. இரண்டு பைக் டேங்கும் இரண்டு கேனும் உள்ள மூடிய பெட்டியில், தாழ்வான கட்டிலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தலையை வைத்துப் படுப்பதென்றால் என்ன என்று யோசியுங்கள். குளிருக்கு ஹீட்டர் போட்டால் ஒரு பொறி போதும். வெளியே ஜெனரேட்டரை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வைக்க வேண்டும் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் இயந்திரத்தைப் பேடாக்கில் டிரெய்லர் சக்கரத்தோடு ஒட்டி வைக்கிறோம். தூங்குவதற்கென்று பெட்ரோல் பகுதியைத் தனியே தடுத்து, காற்றோட்டமும் எச்சரிக்கைக் கருவியும் வைத்துக் கட்டப்பட்ட வண்டிகள் இருக்கின்றன. சரக்குப் பெட்டிக்குள் கட்டில் போட்டால் அது வீடாகிவிடாது. இருபதடிக்கு மேல் தள்ளி ஒரு கூடாரம் அடித்துப் படுங்கள்.

நிறுத்துகிற இடம் அடுத்த தலைவலி. அமெரிக்கப் புறநகரில் வீடு வாங்கிய நம்மவர்களுக்கு எச்.ஓ.ஏ. என்ற வீட்டு உரிமையாளர் சங்கம் என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. வாசலில் டிரெய்லர் நிற்கக் கூடாது என்று விதி வைத்த குடியிருப்புகள் ஏராளம். 20 அடிப் பெட்டி என்றால் மாத வாடகைக்கு வெளியே இடம் தேட வேண்டும். கண் பார்வையில் இல்லாத டிரெய்லரைத் திருடனும் தேடுவான். 6க்கு 12 பெட்டியைக் காலியாக இருக்கும்போது இரண்டு பேர் கையால் தள்ளி வீட்டின் பக்கச் சந்துக்குள் நுழைத்துவிடலாம். வழியில் தங்கும் விடுதியிலும் சின்னப் பெட்டியின் பின்கதவைச் சுவரோடு ஒட்டி நிறுத்தலாம், கதவு திறக்கவே இடமிராது. பெரியதை விடுதியின் கடைசி இருட்டு மூலையில், நான்கு பார்க்கிங் இடத்தை அடைத்து, கதவு வெளியே தெரியத்தான் நிறுத்த முடியும்.

"நாளைக்கு வளர்ந்தால்?" என்பது மிச்சமிருக்கும் வாதம். மூன்றாவது பைக் வரலாம், மனைவியும் பிள்ளைகளும் வரலாம், பெரியதை வாங்கிப்போட்டால் மறுவிற்பனையிலும் நல்ல விலை வரும். வரட்டும். வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். நல்ல சின்ன டிரெய்லருக்கு வாங்க ஆள் எப்போதும் உண்டு. தோட்டக்காரர், தச்சர், வீடு மாறுகிறவர் என்று எல்லாருக்கும் அது தேவை. வராத மூன்றாவது பைக்குக்காக இன்றைக்கு ஒவ்வொரு மைலிலும் பெட்ரோலும் ஒவ்வொரு இறக்கத்திலும் பயமும் செலவழிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. சின்னது வாங்கியவர்கள் எல்லாரும் வருந்துகிறார்கள் என்பதும் முழு உண்மையல்ல. பெரியது வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பேடாக்கில் அறிவுரை சொல்ல மிஞ்சுவதில்லை. டிரெய்லரின் தவணை, அதை இழுக்க வாங்கிய டிரக்கின் தவணை, நிறுத்துமிட வாடகை எல்லாம் கட்டிய பிறகு நுழைவுக் கட்டணத்துக்கும் டயருக்கும் பணம் மிஞ்சாமல், ஒரு ரவுண்டு, பிறகு இரண்டு ரவுண்டு என்று விட்டு, கடைசியில் வராமலே போய்விடுகிறார்கள். ரேஸ் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரே வழி டிராக்கில் சுற்று போடுவது. அதற்கான பணத்தைத் தின்கிற எந்தப் பொருளையும் நான் சந்தேகிக்கிறேன்.

நான்கு பைக் கொண்டுபோகும் எண்டியூரன்ஸ் அணிக்கு, முக்கால் டன் டிரக் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு, குடும்பத்தோடு நாடு முழுதும் சுற்றுகிறவருக்குப் பெரிய பெட்டி வேண்டும்தான். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. அவர்கள் தங்கள் தேவையைப் புதியவன் தலையில் கட்டுவதோடுதான் வழக்கு. இரண்டு பைக் உள்ளவருக்கு என் தீர்ப்பு இது: 6க்கு 12, ஆறரை அடி உள் உயரம், முழு 3,500 பவுண்டு தகுதியுள்ள ஒற்றை ஆக்சில், மின் பிரேக், சட்டத்தில் போல்ட் போட்ட வளையங்கள். நீண்ட தூரமும் காற்றடிக்கும் சமவெளியும் உங்கள் வழி என்றால், வண்டியும் தாங்கும் என்றால், 7க்கு 14 இரட்டை ஆக்சில் வரை போங்கள். அங்கே நின்றுவிடுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் வண்டிக் கதவு ஸ்டிக்கரையும் ஹிட்ச் ஸ்டிக்கரையும் போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் சொல்லும் எண்ணை அதோடு ஒப்பிடுங்கள். வாங்கிய பிறகு, முதல் ரேஸுக்குக் கிளம்பும் நாளில், எல்லாவற்றையும் ஏற்றிய நிலையில், பெரிய லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) எடைமேடையில் ஒருமுறை டிரெய்லரோடும் ஒருமுறை டிரெய்லர் இல்லாமலும் வண்டியை நிறுத்துங்கள். வண்டியின் ஆக்சில்களில் கூடியிருக்கும் எடைதான் ஹிட்ச் மேல் இறங்குவது. அது டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தாலோ, உங்கள் வண்டியின் வரம்பைத் தாண்டினாலோ, அங்கேயே கதவைத் திறந்து சாமானை இடம் மாற்றி, மறுபடி எடை பார்த்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறுங்கள்.